கொழும்பில் மரம் நிறைந்த பழைய வீடு: பராமரிப்பு, திருத்தச் செலவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட மதிப்பீடு தயாரிப்பது என் தொழிலாக இருந்தது. வெள்ளவத்தையில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில், அப்பா காலத்து வீட்டிலேயே இன்றும் குடியிருக்கிறேன். ஓட்டுக் கூரை, அதைச் சாய்வாகத் தாங்கும் முதிரைக் கைமரங்கள், தேக்குக் கதவுகள், மலைவேம்புப் பலகையில் சீலிங் என்று மரம் நிறைந்த வீடு. கல்யாண வீடு என்றாலும் அந்தியேட்டி வீடு என்றாலும் யாராவது ஒருவர் என்னைத் தனியே அழைத்துத் தன் வீட்டுக் கூரையைப் பற்றிக் கேட்பார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிப் பதில் சொல்கிறேன்.

மரம் அதிகமுள்ள பழைய வீட்டை வைத்திருந்தால் கையைக் கடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

மரம் தானாகக் கெட்டுப்போவதில்லை. அதன் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை உக்கவைக்கும் பூஞ்சணம் அதில் வளராது. கொழும்புக் காற்றில் எவ்வளவு ஈரப்பதம் இருந்தாலும், மழை படாத உட்புற மரம் அந்த எல்லைக்குக் கீழேதான் நிற்கும். எல்லையைத் தாண்டவைப்பவை மூன்று: ஒழுகும் ஓடு, அடைத்த பீலி (கூரை நீரை ஏந்தி வெளியேற்றும் வாய்க்கால்), மண்ணிலிருந்து சுவர் வழியே ஏறும் ஈரம். மர வீட்டுக்குச் செலவு செய்கிறோம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, தண்ணீரை மரத்திடமிருந்து விலக்கி வைக்கும் செலவுதான்.

அதைச் செய்யாமல் விட்டால் நிச்சயம் கையைக் கடிக்கும். நழுவிய ஓடு ஒன்றை அன்றே அதன் இடத்தில் ஏற்றி வைத்தால் அரை மணி நேர வேலை. ஐந்து வருடம் விட்டால் ஓடு கிடக்கும் சலாகை, அதன் கீழுள்ள கைமரம், கைமரம் தங்கும் சுவர்மேல் வளை, சீலிங் பலகை என்று நான்கும் சேர்ந்து போய்விடும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

ரூபாயில் ஒரு தொகை எழுதினால் அது சீக்கிரமே பொய்யாகிவிடும். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதைப் பார்த்தோம். இறக்குமதியாகும் வார்னிஷ், திருகாணி, கறையான் மருந்து எல்லாம் அதோடு ஏறின. ஆகவே நான் ஆள்நாளிலும் கன அடியிலும் லீற்றரிலும் கணக்கு வைக்கிறேன். அன்றைய விலையால் பெருக்கினால் தொகை வந்துவிடும்.

நான்கு அறையுள்ள என் மாடியில்லா வீட்டுக்கு வருடத்தில் கூரை பார்க்க இரண்டு பேர் இரண்டு நாள், ஓடாவி (தச்சர்) மூன்று நாள், பூச்சு வேலைக்கு ஒருவர் நான்கைந்து நாள் தேவைப்படுகிறது. இதோடு பெரிய வேலைக்கென்று தனியாகச் சேமிக்கவும் வேண்டும். அதற்கு எனக்கு ஒத்துவந்த அளவு இது: வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு மாதத்துக்கு என்ன கிடைக்குமோ, அந்தத் தொகையை வருடம் ஒருமுறை ஒதுக்கிவிடுவது. வீடு ஏற்கெனவே பல வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்திருந்தால் முதல் இரண்டு வருடங்களுக்கு இது போதாது.

கையில் உள்ளது கொஞ்சப் பணம். வெளியே பெயின்ட் அடிக்கலாமா?

முதலில் பீலி, பிறகு ஓடு, பிறகு நில மட்டம், கடைசியில் பெயின்ட். ஈரமான மரத்தின் மேல் அடித்த பெயின்ட் உள்ளே உள்ள ஈரத்தைப் பூட்டி வைக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும் யன்னல் நிலையைத் திருப்புளியால் குத்தினால் கைப்பிடி வரை இறங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கூரை பார்க்க நல்ல காலம் பெப்ரவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் வேலை முடிந்துவிடும். ஒக்டோபர், நவம்பர் மழைக்கு முன் செப்டெம்பரில் பீலியை மட்டும் இன்னொரு முறை துப்புரவாக்குங்கள். மாமரமோ வேம்போ கூரைமேல் சாய்ந்திருந்தால் அதற்கு இரண்டு முறை போதாது. நில மட்டம் என்று நான் சொல்வது, விறாந்தைத் தூண்களின் அடியில் சேர்ந்த மண், சுவரோடு ஒட்டிய பூச்சாடிகள், வீதியை உயர்த்தியதால் முற்றத்துக்குள் திரும்பி வரும் மழைநீர் ஆகியவற்றை. இவற்றைச் சரிசெய்யக் கூலிதான் செலவு.

கதவுக்குக் கீழே தூள் கொட்டுகிறது. கறையான்தானே?

தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாவுபோல் மென்மையாக இருந்து, மரத்தில் குண்டூசித் தலையளவு வட்டத் துளைகள் தெரிந்தால் அது உளு வண்டு. கசகசாபோல் தனித்தனி மணியாக உருண்டால் உலர்மரக் கறையான். இது மண்ணுக்குப் போகாமல் மரத்துக்குள்ளேயே குடியிருப்பது. நிலத்தடிக் கறையான் தூள் கொட்டாது. சுவரிலும் நிலையிலும் மண்ணால் குழாய் கட்டி, அதன் வழியே ஏறும். மூன்றிலும் மோசமான சேதம் இதனால்தான் வருகிறது. மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்றுகொண்டே போகும்.

மண் குழாயைக் கண்டதும் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டுச் சில நாள் காத்திருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் கறையான் உயிரோடு இருக்கிறது என்று பொருள். கட்டாவிட்டால் அது பழைய தடமாக இருக்கலாம். ஆனாலும் அடுத்த மழைக்குப் பின் ஒருமுறை பாருங்கள். பிறகு மரத்தைத் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். திருத்த வேலையின் அளவு அந்தக் குறிகளிலிருந்துதான் தெரியவரும்.

மருந்தடிக்க வந்தவர்கள் வீடு முழுவதற்கும் அடிக்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு தேவையா?

எந்தப் பூச்சி என்று மேலே சொன்னபடி முதலில் தீர்மானியுங்கள். உளுவுக்கும் உலர்மரக் கறையானுக்கும் அந்தந்த மரத்துக்கு மட்டும் மருந்து ஏற்றினால் பெரும்பாலும் போதும். நிலத்தடிக் கறையான் என்றால் சுவரோரமாகத் தரையைத் துளைத்து மண்ணுக்குள் மருந்து செலுத்த வேண்டும். இதை அரைகுறையாகச் செய்தால் மருந்தில்லாத பக்கத்தால் ஏறிவரும். ஆகவே இந்த ஒன்றுக்கு மட்டும் வீட்டைச் சுற்றிச் செய்வது நியாயமான செலவு. கண்ணுக்குத் தெரியும் கறையான்மேல் தெளித்துவிட்டுப் போவதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

மருந்தின் பெயர், கலக்கும் விகிதம், துளைகளுக்கிடையே உள்ள தூரம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். உத்தரவாதம் என்பது பெரும்பாலும் மீண்டும் மருந்தடித்துத் தருவதற்குத்தான். தின்ற மரத்துக்கு ஈடு கிடைக்காது. வீட்டுக் காப்புறுதியும் பொதுவாகக் கறையானையும் காலத்தால் வரும் தேய்மானத்தையும் ஏற்பதில்லை.

பழைய என்ஜின் எண்ணெயைப் பூசினால் போதும், எந்தப் பூச்சியும் வராது என்று எங்கள் ஓடாவி சொல்கிறாரே?

வேண்டாம். அது மேல்தோலோடு நின்றுவிடும், தீப்பிடிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் அதில் உண்டு. பிறகு அந்த மரத்தில் எந்தப் பூச்சும் ஒட்டாது. கூரைக்குள் இருக்கும் மரத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் நல்லது, விலையும் அதிகமில்லை. பூச்சில்லாத மரத்தில் தூரிகையால் இரண்டு முறை தாராளமாக ஊறவிட வேண்டும். மழையில் இது கழுவிப்போய்விடும் என்பதால் வெளி மரங்களுக்குத் தனியே நம்பக்கூடாது.

வார்னிஷா, பெயின்டா? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை?

வெயிலும் மழையும் நேரடியாகப் படும் இடத்தில் வார்னிஷ் நீடிக்காது. மரத்தின் நிறம் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதனால் தெருப்பக்கக் கதவுக்கு மட்டும் வருடம் ஒருமுறை இலேசாகத் தேய்த்து ஒரு கோட் அடிக்கிறேன். மற்ற வெளி மரங்களுக்கு எனாமல் பெயின்ட் நான்கைந்து வருடம் வரும். மேற்குப் பக்கத்தில், கடற்காற்று அடிக்கும் இடத்தில், மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உள்ள மரம் பத்து வருடமும் தாங்கும்.

அளவுக்கு ஓர் உதாரணம்: 7 அடிக்கு 3 அடிக் கதவு ஒரு பக்கம் 21 சதுர அடி, இரண்டு பக்கமும் 42, நிலையோடு ஏறக்குறைய 50. மூன்று கோட் என்றால் 150 சதுர அடி. ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு 100 சதுர அடி அளவில் போகும் என்பதால் ஒரு கதவுக்கு ஒன்றரை லீற்றர். எட்டுக் கதவுக்கு 12 லீற்றர். மதிப்பீட்டில் 25 லீற்றர் எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பெயின்டில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் சட்டப்படி வரம்பு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சை உலர்வாகத் தேய்ப்பதும் தீயால் சுட்டு உரிப்பதும் ஆபத்து. நீர் தெளித்துச் சுரண்டுங்கள், தூளை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் வையுங்கள்.

நிலையின் அடி உக்கிவிட்டது. முழு நிலையையும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள்.

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். வீணாகப் பணம் போவதும் இங்கேதான். நிலையின் அடி ஒன்று, ஒன்றரை அடி உக்கியிருக்கும். மேலே ஐந்தரை அடி வயிரமாக நிற்கும். முழுவதையும் கழற்றினால் சுவர்ப் பூச்சு உடையும், மேலே உள்ள வளைவு அசையும், தரை ஓடு பெயரும், கதவும் புதிய நிலைக்குப் பொருந்தாது. ஒரு நிலைக்கென்று தொடங்கிய வேலை ஓர் அறை வேலையாகிவிடும்.

உக்கிய பகுதியையும், அதற்கு மேலே நல்ல மரத்தில் சில அங்குலத்தையும் சேர்த்து அறுத்தெடுத்துவிட்டு, அதே வகைப் பழைய மரத்தில் ஒட்டுத் துண்டு போடச் சொல்லுங்கள். பொருத்து நேராக இருக்கக்கூடாது. வெளிப்பக்கம் தாழும்படி சாய்வாக அறுத்தால் மழைநீர் உள்ளே தங்காமல் வழிந்துவிடும். நீர் தாங்கும் பசையும் பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்குத் திருகாணியும் பயன்படுத்த வேண்டும். புதிய அடி, சீமெந்துக்குள் புதையாமல் ஒரு கருங்கல் துண்டின்மேல் நிற்கட்டும். புதைத்ததால்தான் முதல் அடி உக்கியது. நல்ல ஓடாவிக்கு ஒரு பக்கக் காலுக்கு ஒரு நாள் வேலை. எங்கள் பின்கதவு நிலைக்கு இப்படிப் போட்ட ஒட்டு பல மழைக்காலங்களைக் கண்டுவிட்டது.

விரலளவு ஓட்டைகளுக்கு எபொக்சி நிரப்பலாம். உள்ளங்கை அளவு உக்கலை அதனால் நிரப்பினால் ஓரத்தில் நீர் தங்கி, சுற்றியுள்ள நல்ல மரமும் போகும்.

கைமரம் மாற்ற மதிப்பீடு தந்திருக்கிறார்கள். சரியா என்று எப்படிப் பார்ப்பது?

கன அடியில் கேளுங்கள். 4 அங்குலத்துக்கு 2 அங்குலம், 12 அடி நீளக் கைமரம் என்றால், 4ஐ 2ஆலும் 12ஆலும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். ஒரு கன அடியில் மூன்றில் இரண்டு பங்கு வரும். 24 கைமரத்துக்கு 16 கன அடி, கழிவுக்குப் பத்தில் ஒன்று சேர்த்தால் 18க்குச் சற்றுக் குறைவு. மரத்தின் பெயரும் ‘வெள்ளை இல்லாத வயிரம்’ என்ற சொல்லும் மதிப்பீட்டில் இருக்க வேண்டும் (வெள்ளை என்பது மரத்தின் வெளிப்பக்க மென்பகுதி, வயிரம் உள்ளே இருக்கும் கடினமான பகுதி). ‘நல்ல மரம்’ என்று மட்டும் எழுதிய தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

24உம் மாற்ற வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. கைமரம் பெரும்பாலும் தாழ்வாரத்துப் பக்க நுனியில்தான் உக்கும். நடு நன்றாக இருந்தால் பக்கத்தில் இணைமரம் வைத்து முடுக்கலாம். ஓட்டை இறக்கி ஏற்றும் கூலி, உடையும் ஓடுகளுக்கு ஈடு, சாரம், மழைக்குத் தார்ப்பாய், குப்பை அகற்றல் ஆகியவை மரத்தின் விலைக்கு வெளியே வரும். முதல் மதிப்பீட்டில் இவை இல்லாவிட்டால் வேலையின் நடுவில் வரும். கடலோரத்தில் இரும்பு ஆணி கறள் பிடித்துப் பருத்து மரத்தைப் பிளக்கும், எனவே ஆணி வகையையும் எழுதச் சொல்லுங்கள்.

என்ன மரம், எங்கே வாங்குவது?

பழைய வீட்டில் என்ன மரமோ அதையே தேடுங்கள். வெளித் தூணுக்குப் பாலை, கதவு யன்னலுக்குத் தேக்கு அல்லது முற்றிய பலா, சீலிங்குக்கு மலைவேம்பு. மகோகனி அழகானது, ஆனால் வெள்ளை கலந்து வந்தால் உளு உடனே கண்டுபிடித்துவிடும். அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையத்தில் முதலில் விலை கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு மொரட்டுவையிலும் மரக்காலைகளிலும் கேளுங்கள். ஆணி, பிணைச்சல், பூட்டுக்குப் பழைய சோனகத் தெரு. ஊரில் உள்ள பலாவைத் தறித்துக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். மரத்தை வீதியில் ஏற்றிவரவும் அனுமதிப்பத்திரம் கேட்பார்கள்.

வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் பழைய மரம் காய்ந்து முறுகியிருப்பதால் ஒட்டுக்கு மிகவும் உகந்தது. உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா, தட்டினால் பொள்ளென்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய கதவுகளை எடுத்துக்கொண்டு இலவசமாகப் புதுக் கதவு போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நல்ல பேரம்தானே, அண்ணா?

இல்லை, தம்பி. என் மாமி ஒருவர் கொட்டாஞ்சேனையில் இப்படித்தான் ஆறு சோடி தேக்குக் கதவுகளைக் கொடுத்துவிட்டுப் பலகைத்தூளில் அழுத்திய கதவுகளை வாங்கினார். குளியலறைக் கதவு இரண்டாம் மழைக்காலத்திலேயே ஊதிப்போயிற்று. அந்தத் தேக்கு இனி அவருக்கு எந்த விலையிலும் கிடைக்காது. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கதவை அளந்து, கன அடி கணக்கிட்டு, இரண்டு பேரிடம் விலை கேட்ட பிறகு பேசுங்கள்.

ஓட்டைக் கழற்றிவிட்டுத் தகடு போட்டால் செலவு குறையாதா?

முதல் வருடம் குறையும். பிறகு வெக்கையும் மழைச் சத்தமும் உங்களோடு குடியிருக்கும். தகட்டின் அடியில் இரவில் வியர்க்கும் நீர் சலாகையை நனைக்கும். ஓட்டின் பாரத்துக்கென்று கட்டிய கூரை, பாரம் குறைந்தால் காற்றில் தூக்குப்படாதிருக்க மேலதிகப் பிணைப்பும் வேண்டும். ஏற்கெனவே அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. நனைத்து முழுத் தகடாக இறக்க வேண்டும், அதன் தூசு நுரையீரலுக்குக் கொடியது.

வெள்ளத்தில் கதவுகள் மூன்று நாள் நின்றன. எறிந்துவிடுவதா?

முழு மரக் கதவென்றால் எறியாதீர்கள். நல்ல நீரால் சேற்றைக் கழுவி, பிணைச்சலிலிருந்து கழற்றி, நிழலில் காற்றோட்டமாகப் படுக்கவைத்து அடியில் கட்டைகள் கொடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும், முறுக்கும். காய வாரங்கள் ஆகும். ஈரமானியால் பார்த்து, முதல் பதிலில் சொன்ன எல்லைக்கு நன்றாகக் கீழே வந்தபின் மட்டும் பூச்சு. ஒட்டுப்பலகைக் கதவுகள் பிரிந்துவிட்டிருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள்.

திருத்த அனுமதி எடுக்க வேண்டுமா?

இருந்தது போலவே ஓட்டையும் மரத்தையும் மாற்றுவது ஒன்று, கூரையை உயர்த்துவதும் சுவரை நகர்த்துவதும் வேறு. இரண்டாவதற்கு மாநகர சபையிடம் வரைபடத்தோடு போக வேண்டும். கொழும்பு, 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்கு உட்பட்ட பகுதி. உங்கள் கட்டடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக வர்த்தமானியில் வந்திருந்தால் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் ஓர் ஓட்டையும் தொடாதீர்கள்.

அண்ணன் லண்டனில், அக்கா ரொறன்ரோவில். வீட்டில் மூவருக்கும் பங்கு. செலவை நான் மட்டும் சுமப்பதா?

வேலைகளை இரண்டு பட்டியலாக எழுதுங்கள். வீடு நிற்பதற்கு அவசியமானவை ஒன்று: கூரை, பீலி, கறையான், உக்கிய நிலை. வாழ்வை வசதியாக்குபவை மற்றது: புதிய சீலிங், மெருகூட்டல். நம் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டமும் அவசியச் செலவையும் மேம்பாட்டுச் செலவையும் பிரித்தே பார்க்கிறது. முதல் பட்டியலை மூன்றாகப் பிரிக்கக் கேட்பது நியாயம். இரண்டாவதை அங்கே குடியிருப்பவர் ஏற்பதுதான் அழகு. வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள், பற்றுச்சீட்டுகளை வையுங்கள், மதிப்பீட்டை வேலை தொடங்குமுன்பே அனுப்புங்கள். நாளை பங்கு பிரிக்கும் வழக்கென்று வந்தால் சட்டத்தரணி முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.

கனடாவில் மச்சான் குற்றி வீடு வைத்திருக்கிறார். அதேபோல் இங்கே கட்டினால் பராமரிப்புக் குறையுமா?

கூடும். குற்றி வீட்டில் மரக் குற்றிகளே சுவர். ஒன்றன்மேல் ஒன்று கிடத்தி இடைவெளியை நிரப்பியிருப்பார்கள். முதல் வருடங்களில் குற்றி காய்ந்து சுருங்கச் சுவரே சில அங்குலம் இறங்கும். அங்கேயும் வருடந்தோறும் கழுவி, மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெளிப்பூச்சுப் பூசி, இடைவெளிகளை அடைக்கிறார்கள். மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் குற்றி முனைகளே முதலில் உக்கும். அடிக் குற்றி உக்கினால் சுவரை முட்டுக்கொடுத்துத் தூக்கித்தான் மாற்ற வேண்டும். மிகப் பெரிய செலவு அது.

அந்த நாட்டின் பெரும்பகுதியில் குளிர் அதிகம், கறையான் இல்லை. நமக்கு வருடம் முழுவதும் வெப்பம், இரண்டு பருவ மழை, காலடியில் கறையான். நம் முன்னோர் மரத்தைக் கூரைக்கும் நிலைக்கும் வைத்துக்கொண்டு, சுவரைக் கல்லால் கட்டி, நீண்ட தாழ்வாரம் இறக்கினார்கள். கோட்டையில் உள்ள பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக்குப் போய் அண்ணாந்து தீராந்திகளை, அதாவது மேலே கிடக்கும் பெரிய உத்திரங்களைப் பாருங்கள். மரம் இருக்க வேண்டிய இடம் விளங்கும்.

தொடர்மாடி கட்டுபவர்கள் காணியைக் கேட்கிறார்கள். எந்தக் கட்டத்தில் கைவிடுவது?

அது உங்கள் குடும்பத்தின் முடிவு. ஆனால் ‘கூரை முழுவதும் போய்விட்டது’ என்று வாங்க வந்தவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். வீட்டின் நான்கு மூலையிலும் ஓட்டை விலக்கி, சுவர்மேல் வளையைத் திருப்புளியால் நீங்களே குத்திப் பாருங்கள். நான்கில் மூன்று இடம் இறுகி நின்றால், மேலே சொன்ன வழிகளில் பகுதி பகுதியாக மூன்று நான்கு வருடத்தில் திருத்திவிடலாம், குடியிருந்துகொண்டே. சுவரும் பிளந்து, வளையும் நான்கு பக்கமும் உக்கியிருந்தால் செலவு புதிய வீட்டை எட்டும்.

விற்பதென்றே முடிவானால், கதவு, யன்னல், கைமரம், சீலிங் பலகை யாருக்கு என்பதை உடன்படிக்கையில் ஒரு வரியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் அவை காணியோடு போய்விடும். எழுதினால் இடிக்குமுன் ஓடாவியை வைத்து நிதானமாகக் கழற்றலாம். வாங்க ஆளில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள், ஒட்டுத் துண்டுக்கு மரம் தேடி அலைபவர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர் என் பட்டியலில் இருப்பார்கள்.